மணல் எங்கிருந்து வருகிறது

செஞ்சி வட்டத்துத் தொண்டூரில் போய்க் கடல்மட்ட உயர்வைப் பற்றிப் பேசினால் கேட்பவர்கள் சிரிக்கக்கூடும். குன்றும் ஏரியும் மல்லாட்டைக் கொல்லையுமாக இருக்கிற ஊர் அது. சமணர் படுக்கைகளையும் தமிழ்ப் பிராமி எழுத்தையும் தேடி எப்போதாவது வரும் ஆய்வாளர்களை விட்டால், சுற்றுலா என்று சொல்ல அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. கடலைப் பார்க்க வேண்டுமானால் மரக்காணத்துக்கோ புதுச்சேரிக்கோ பஸ் ஏற வேண்டும். ஆனால் இந்த வட்டாரத்து மலைகளில் விழும் மழை சும்மா போவதில்லை. பாறையை அரித்து மணலாக்கி, சங்கராபரணி என்றும் வராக நதி என்றும் செஞ்சியாறு என்றும் வழங்கும் ஆற்றில் சேர்த்து, புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. கடல் உயரும்போது தீவுகளிலும் மணல்திட்டுகளிலும் நடக்கும் சுற்றுலாவை என்ன செய்வது என்ற கேள்விக்கு எல்லோரும் கடற்கரையிலேயே விடை தேடுகிறார்கள். விடையில் பாதி இங்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது என்பது என் வாதம்.

ஆறு முடியும் இடத்தைப் பார்ப்போம். சங்கராபரணி கடலை நெருங்கும்போது இரண்டாகப் பிரிகிறது. வடக்குக் கிளை அரியாங்குப்பத்தாறு. ரோமானிய மதுச்சாடிகள் கிடைத்த அரிக்கமேடு அதன் கரையில்தான் இருக்கிறது. தெற்குக் கிளை சுண்ணாம்பாறு. கடலூர்ச் சாலையில் நோணாங்குப்பத்தில் புதுச்சேரி சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் உண்டு. அங்கிருந்து படகேறி, கழிமுகத்து நீரைக் கடந்தால் பாரடைஸ் பீச். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கழிமுகம், நடுவே ஒரு மணல் நாக்கு. படகில் போய் இறங்குவதால் பயணிகள் அதைத் தீவென்றே நினைக்கிறார்கள். அந்த நினைப்புக்குத்தான் டிக்கெட்டும் விற்கிறது. உண்மையில் அது ஆறும் அலையும் சேர்ந்து ஆண்டுதோறும் திருத்தி எழுதுகிற நிலம். கோடையில் ஆற்றில் வேகம் இல்லாதபோது அலை மணலைக் கொண்டுவந்து முகத்துவாரத்தை அடைக்கப் பார்க்கும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளம் அதை உடைத்துக்கொண்டு போகும். இப்படி நகர்ந்துகொண்டே இருப்பதுதான் அந்தத் திட்டின் ஆயுள் ரகசியம். அதன்மேல் நிரந்தரமாக ஏதாவது கட்ட நினைக்கும் எவரும் அந்த நகர்வோடு சண்டைக்குப் போகிறார்கள்.

இனி கடலின் கணக்கு. ஐ.பி.சி.சி.யின் ஆறாம் மதிப்பீட்டு அறிக்கைப்படி 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. 2006க்குப் பிந்தைய ஆண்டுகளில் வேகம் ஆண்டுக்கு 3.7 மில்லிமீட்டர். 2100 வாக்கில், உமிழ்வு கட்டுக்குள் வந்தால் முப்பது சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவிலிருந்து அரை மீட்டர் வரை. வராவிட்டால் ஒரு மீட்டரைத் தொடலாம். மில்லிமீட்டர் என்றதும் அலட்சியம் வருவது இயல்பு. சரிவு குறைந்த மணற்கரையில் கடல் ஓர் அளவு உயர்ந்தால் கரை அதைப்போல் ஐம்பது முதல் நூறு மடங்கு பின்வாங்கும் என்று 1962இல் புருன் என்ற பொறியாளர் போட்ட கணக்கு ஒன்று இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. அதைக் கடுமையாக விமரிசிக்கிறவர்களும் உண்டு. அவர்கள் சொல்லும் முக்கியமான குறை, அந்தக் கணக்கு மணல் வரத்தைப் பார்க்கவில்லை என்பது. எவ்வளவு மணல் வருகிறது, எவ்வளவு போகிறது என்று தெரியாமல் கடல்மட்டத்தை மட்டும் வைத்துக் கரையின் கதியைச் சொல்ல முடியாது. பசிபிக் பவளத் தீவுகள் இருபத்தேழைப் பழைய விமானப் படங்களோடு ஒப்பிட்டு வெப், கெஞ்ச் இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சாட்சி. கடல் உயர்ந்துகொண்டிருந்த அதே பத்தாண்டுகளில் அந்தத் தீவுகளில் 86 விழுக்காடு பரப்பு மாறாமல் நின்றன, அல்லது வளர்ந்தன. சுற்றியிருந்த பவளம் உடைந்து மணலாகித் தீவுக்கு வந்துகொண்டே இருந்ததுதான் காரணம். கடல் உயர்வு பொய் என்று சொல்ல விரும்புகிறவர்கள் இந்த ஆய்வைத் தூக்கிக்கொண்டு அலைவதுண்டு. அது அவர்களுக்கு உதவாது. மணல் வரும்வரை திட்டு கடலோடு சேர்ந்து ஏறும், வரத்து நின்றால் ஏறாது என்றுதான் அந்த ஆய்வு காட்டுகிறது.

வரத்து நின்றால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடமே உதாரணம் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் இருபத்தொரு தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் நீருக்குள் போய்விட்டன. தூத்துக்குடிக்கு அருகே உள்ள காரையாச்சல்லி 1969இல் ஏறத்தாழ 21 எக்டேர் இருந்தது. அண்மைய அளவீட்டில் 3 எக்டேருக்குச் சற்று மேல். இதைக் கடல்மட்ட உயர்வின் கணக்கில் மட்டும் எழுதுவது நேர்மையாகாது. சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்குமாகப் பல பத்தாண்டுகள் பவளப்பாறையை வெட்டி எடுத்தோம். அலையைத் தடுத்த அரணும் மணலை உண்டாக்கிய ஆலையும் ஒரே பாறைதான் என்பதால், வெட்டிய ஒவ்வொரு வண்டியிலும் இரண்டும் போயின. இப்போது வான்தீவு, காரையாச்சல்லியைச் சுற்றிச் செயற்கைப் பவளத்திட்டுகளை இறக்குகிறார்கள். நல்ல வேலை. வெட்டாமல் விட்டிருந்தால் செலவே இல்லை என்பதையும் அதே மூச்சில் சொல்லத்தான் வேண்டும்.

இன்னும் பெரிய பாடம் புதுச்சேரியிலேயே இருக்கிறது. சோழமண்டலக் கரையில் அலைகள் மணலை ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே தள்ளுகின்றன. வாடைக் காலத்தில் சில மாதங்கள் திசை மாறும். கூட்டிக் கழித்தால் மிச்சம் வடக்கு நோக்கித்தான். 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பத்தாற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக இரண்டு அலைத்தடுப்புகளைக் கட்டினார்கள். மணல் தெற்கே நின்றுவிட்டது. வடக்கே இருந்த நகரக் கடற்கரை சில ஆண்டுகளில் காணாமல் போனது. தெற்கில் தேங்கும் மணலை வாரி வடக்கே அனுப்பும் ஏற்பாடு முதல் திட்டத்திலேயே இருந்தது. திட்டமிட்டபடி அது தொடர்ந்து நடக்கவில்லை. அதற்குப் பதில் கருங்கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடம் நின்றது, கல் முடிந்த இடம் அரித்தது. வைத்திக்குப்பம், சோலைநகர் என்று போய், தமிழ்நாட்டு எல்லைக்குள் கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம், பொம்மையார்பாளையம் வரை அரிப்பு நடந்து போயிற்று. தேசியக் கடலோர ஆய்வு மையம் 1990 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் படங்களை வைத்துச் சொன்ன கணக்கில் தமிழ்நாட்டுக் கரையில் 42.7 விழுக்காடும் புதுச்சேரிக் கரையில் 56.2 விழுக்காடும் அரிப்புக்கு உள்ளானவை. இந்த முப்பது ஆண்டுகளில் கடல் உயர்ந்தது பத்து சென்டிமீட்டர் அளவில். நகரத்து மணலைக் கொண்டுபோனது அந்தப் பத்து சென்டிமீட்டர் இல்லை, நாம் கட்டிய கல்வரிசை. இனி வரும் முப்பது ஆண்டுகளில் இரண்டும் சேர்ந்து வேலை செய்யும்.

இங்கே ஒரு எதிர்வாதம் வரும். புதுச்சேரிக் கடலில் அலையோடு போகும் மணல் ஆண்டுக்குச் சில லட்சம் கன மீட்டர். அதில் செஞ்சியாறு என்ற 79 கிலோமீட்டர் நீளச் சிற்றாறு போடும் பங்கு எவ்வளவு? வருடத்தில் பெரும்பகுதி காய்ந்து கிடக்கிற ஆற்றைப் போய்க் கடற்கரையின் தாய் என்பதா? நியாயமான கேள்விதான். கடலோர மணலின் பெரும்பங்கு தெற்கிலிருந்து வருகிறது. காவிரியும் கொள்ளிடமும் பெண்ணையும் பல நூற்றாண்டுகளாகக் கொட்டியது அது. ஆனால் காவிரியில் 1934இல் மேட்டூர் வந்தது. பெண்ணையில் 1958இல் சாத்தனூர் வந்தது. அதே சமயத்தில், 1958–59இல், வராக நதியும் தொண்டியாறும் கூடும் இடத்தில் வீடூர் அணையும் வந்தது. ஒவ்வோர் ஆற்றையும் தனித்தனியே பார்த்தால் அதன் மணல் சொற்பமாகத்தான் தெரியும். அப்படித் தனித்தனியே பார்த்துத்தான் எல்லா ஆறுகளையும் கைவிட்டிருக்கிறோம். பெரிய ஆறுகளின் மணல் நின்றுபோன பிறகு, சுண்ணாம்பாற்று முகத்துவாரத் திட்டைப் போன்ற ஓர் இடத்துக்கு அருகிலிருக்கும் சின்ன ஆற்றின் வெள்ளம் முன்னைவிட முக்கியமாகிறது. முகத்துவாரத்தை உடைத்துத் திறப்பதும் அந்த வெள்ளம்தான், திட்டுக்குப் புது மணல் கொண்டுவருவதும் அதுதான். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வீடூர் அணை நிரம்பி உபரிநீர் போனது, சங்கராபரணி கரைபுரண்டது. அப்படிப்பட்ட சில நாட்களில்தான் ஓர் ஆறு பல ஆண்டுகளின் மணலை நகர்த்தும். அந்த நாட்களிலும் அணையில் மதகு வழியே போவது பெரும்பாலும் தண்ணீரும் மெல்லிய வண்டலும். பருமணல் நீர்த்தேக்கத்தின் வாயிலேயே தங்கிவிடும். கீழே படுகை அணைகள் இன்னும் கொஞ்சத்தைப் பிடித்துக்கொள்ளும். அதையும் தப்பி வருவதை லாரி பிடித்துக்கொள்ளும்.

அப்படியானால் அணையை இடிக்கச் சொல்கிறாயா என்று கேட்பார்கள். இல்லை. வீடூர் அணையின் 3,200 ஏக்கர் பாசனத்தில் 2,200 ஏக்கர் தமிழ்நாட்டில், 1,000 ஏக்கர் புதுச்சேரியில். அந்த நெல்லும் கரும்பும் பாரடைஸ் பீச்சில் நிற்கும் குடைகளைவிட எந்த அளவுகோலிலும் பெரிய விஷயம். கேட்பது வேறு. அணையைத் தூர்வாருவது எப்படியும் செய்தாக வேண்டிய வேலை. தேங்கிய மண்ணால் கொள்ளளவு குறைவது உழவருக்குத்தான் முதல் நட்டம். தூர்வாரும்போது வண்டல் வயலுக்குப் போவது நம் குடிமராமத்து மரபிலேயே உள்ள வழி. மணலும் வண்டலும் ஒன்றில்லை. மணலைப் பிரித்து அணைக்குக் கீழே ஆற்றுப்படுகையிலேயே வெள்ளத்துக்கு முன் போட்டு வைத்தால் மீதி வேலையை வெள்ளம் பார்த்துக்கொள்ளும். அணைகட்டிய ஆறுகளில் இப்படி மணலைத் திரும்பக் கொடுப்பதை ஜப்பானில் பல இடங்களில் செய்து பார்த்திருக்கிறார்கள். நம் ஊரில் இதற்குத் தடை தொழில்நுட்பம் இல்லை, மணலின் விலை. ஆற்றில் போட்ட மணல் மறுநாள் காலையில் அங்கே இருக்குமா என்று எந்தப் பொறியாளரைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டு போய்விடுவார்.

மணலின் விலை என்றதும் மாலத்தீவு நினைவுக்கு வருகிறது. கடல் உயர்வின் உலக அடையாளமாகிவிட்ட நாடு. 2009இல் அமைச்சரவையே கடலுக்கடியில் கூடிக் கையெழுத்துப் போட்டது. அதன் நிலத்தில் சுமார் எண்பது விழுக்காடு கடலுக்கு மேல் ஒரு மீட்டரைத் தாண்டாது. ஒரு தீவுக்கு ஒரு சொகுசு விடுதி என்பது அதன் சுற்றுலா வாய்ப்பாடு. விடுதியின் கரை அரித்தால் காயலிலிருந்து மணலை உறிஞ்சிக் கரையில் கொட்டுவார்கள். தலைநகரின் நெரிசலுக்கு ஹுல்ஹுமாலே என்று ஒரு தீவையே கடல்மட்டத்துக்கு இரண்டு மீட்டர் உயரத்தில் உண்டாக்கினார்கள். பணம் இருக்கும்வரை நடக்கும் வழி இது. அந்த நாட்டின் கட்டடங்களுக்கு மணலும் ஜல்லியும் எங்கிருந்து போகின்றன? 2024–25க்கு இந்தியா மாலத்தீவுக்கு அனுமதித்த ஏற்றுமதி அளவு ஆற்றுமணல் பத்து லட்சம் டன், கல்ஜல்லி பத்து லட்சம் டன். அண்டை நாட்டின் தேவையை மறுக்கச் சொல்லவில்லை. நட்பு நாடு, சின்ன நாடு. ஆனால் ஒரு தீவை உயர்த்துவதற்கு வேறோர் ஆற்றின் கடற்கரை தாழ வேண்டியிருக்கிறது என்ற கணக்கைக் காலநிலை மாநாட்டுப் பேச்சுகளில் நான் பார்த்ததில்லை.

அடுத்த எதிர்வாதம் மீனவக் குப்பங்களிலிருந்து வரும். அதை லேசாகத் தள்ள முடியாது. வீட்டு வாசலில் கடல் நிற்கும்போது மணல் வரத்தைப் பற்றிக் கட்டுரை படிக்க யாருக்கும் பொறுமை இருக்காது. கல் கொட்டு, தூண்டில் வளைவு போடு என்றுதான் மறியல் நடக்கும். அந்தக் கோரிக்கை தவறு என்று நகரத்தில் உட்கார்ந்து சொல்வது அநியாயம். அந்தக் கல் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்பதைச் சொல்லாமல் இருப்பதும் அநியாயம்தான். கல்சுவர் வீட்டைக் காக்கும், கரையைக் காக்காது. கரை போனால் படகை ஏற்ற இடமில்லை, கரைவலை இழுக்க இடமில்லை, கருவாடு காய இடமில்லை. தூண்டில் வளைவு தெற்கே மணல் சேர்த்து வடக்கே உள்ள அடுத்த குப்பத்தின் மணலை எடுக்கும். தந்திராயன்குப்பத்தில் நிம்மதி வந்தால் பொம்மையார்பாளையத்தில் மறியல் வரும். இதற்கு மாற்றாகத் தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் புதுச்சேரித் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் இறக்கிய ஆப்பு வடிவச் செயற்கைத் திட்டு பலன் தந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்; சில மாதங்களிலேயே அங்கே மணல் சேர்ந்து, ஒரு தலைமுறை பார்த்திராத கடற்கரையில் பிள்ளைகள் விளையாடினார்கள். கடற்கரை திரும்பி வரும் என்று காட்டியதே அதன் பெரிய பயன். ஆனால் அந்தத் திட்டு மணலை உண்டாக்கவில்லை, போகிற மணலையும் தூர்வாரிக் கொட்டிய மணலையும் நிற்க வைத்தது. மணலே குறைந்துகொண்டு போகும் கடலில் எத்தனை திட்டு இறக்குவது?

சுற்றுலாவின் பக்கம் வருவோம். நகரும் நிலத்தில் நடக்கும் தொழில் நகரக்கூடியதாக இருக்க வேண்டும். 2019 ஜனவரியில் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, உயர் அலைக்கோட்டிலிருந்து பத்து மீட்டருக்கு அப்பால் கடற்கரையில் தற்காலிகக் குடில், கழிப்பறை, உடை மாற்றும் அறை வைக்க அனுமதிக்கிறது. அதே அறிவிக்கை மக்கள் நெருக்கம் மிகுந்த ஊரகப் பகுதிகளில் கட்டடத் தடை எல்லையை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. முதல் விதியை வரவேற்றால் இரண்டாவதைக் கண்டிக்க வேண்டும். கடல் உயர்ந்துவரும் காலத்தில் கட்டடத்தைக் கடலுக்கு அருகே அழைப்பது விசித்திரமான தகவமைப்பு. பாரடைஸ் பீச்சில் இருக்கவேண்டியவை மூங்கிலும் கீற்றும் பலகையும். வாடைக்கு முன் பிரித்து எடுத்து, தை பிறந்ததும் திட்டு எங்கே இருக்கிறதோ அங்கே திரும்பப் போட்டுக்கொள்ளும்படி. படகுத்துறை மிதப்பதாக இருக்கலாம். முகத்துவாரம் உடையும் வாரங்களில் திட்டுக்குப் படகு விடாமல் நிறுத்திவைக்கலாம். வருமானம் குறையுமே என்பார்கள். 2022 மார்ச்சில் புதுச்சேரியின் பழைய கடற்பாலத்தின் ஒரு பகுதி கடல் சீற்றத்தில் இடிந்து விழுந்ததைப் பார்த்த ஊர் அது. நிரந்தரம் என்று கட்டியதைத் திரும்பக் கட்டும் செலவையும் வருமானக் கணக்கில் எழுதினால் கீற்றுக்கொட்டகைதான் லாபம்.

பயணிகளின் சுமையைப் பகிர்வதும் தகவமைப்புதான். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராத்தியரின் படைத்துறை நிலப்பரப்பு என்ற பெயரில் பன்னிரண்டு கோட்டைகளை உலக மரபுச் சின்னமாக்கியபோது, மகாராட்டிரத்துக்கு வெளியே இருந்த ஒரே கோட்டை செஞ்சி. அந்தக் கோட்டையின் ராஜகிரிக் குன்றுக்கு வரும் கூட்டத்தில் ஒரு பகுதி வார இறுதிக்குப் புதுச்சேரிக்கு வந்த கூட்டத்தின் கிளை. அதைத் திருநாதர்குன்று, மேல்சித்தாமூர், சிங்கவரம், மண்டகப்பட்டு, தொண்டூர் என்று ஓரிரு நாள் நிறுத்திவைக்க முடிந்தால் கடற்கரையின்மேல் விழும் பாரம் குறையும், உள்நாட்டு ஊர்களுக்கும் நாலு காசு வரும். இதை மிகைப்படுத்தவும் எனக்கு மனமில்லை. கடலுக்கு வருகிறவர் கடலுக்குத்தான் வருகிறார், கோட்டை அதற்கு ஈடாகாது. தொண்டூர்ப் பாறையில் ஒரே நாளில் ஐந்நூறு பேர் ஏறிப் பெயர் கிறுக்குவதைவிட இப்போதிருக்கும் அமைதியே மேல். பேருந்து வசதி, காவலர், வழிகாட்டி இவை வந்த பிறகு கூட்டம் வரட்டும்.

கடைசியாக வரும் எதிர்வாதம்தான் கனமானது. ஒரு மீட்டர் உயர்ந்தால் எந்த மணலும் எந்தத் திட்டும் நிற்காதே? இப்போதிருக்கும் இடத்தில் நிற்காது. ஆனால் இடம் இருந்தால் மணல்திட்டு பின்னால் உருண்டு போகும். அலை அதன் முதுகைத் தாண்டி மணலைக் கழிமுகப் பக்கம் கொட்டக் கொட்ட, திட்டு நிலத்தை நோக்கி நகரும். அதற்குத் தேவை வரத்து மணலும் பின்னால் காலி இடமும். சுண்ணாம்பாற்றின் உட்கரையிலும் நோணாங்குப்பம் பக்கத்திலும் விடுதிச் சுவரும் கான்கிரீட் கரையும் நெருங்கிவந்தால் அந்த இடம் போய்விடும். கடலுக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிய திட்டு கரைந்துதான் போகும். அதனால் உட்கரையில் சதுப்பையும் அலையாத்தியையும் விட்டுவைப்பது அழகுக்கான காரியம் இல்லை, திட்டு பின்வாங்குவதற்கான பட்டா.

இத்தனைக்கும் முதல் வேலை செலவில்லாதது. சங்கராபரணி இரண்டு அரசுகளின் ஆறு. மலை தமிழ்நாட்டில், கழிமுகம் புதுச்சேரியில். தண்ணீருக்கு இரண்டும் கணக்கு வைத்திருக்கின்றன, ஏக்கர் பிரித்துப் பாசனம் கொடுக்கின்றன. மணலுக்கு அப்படி ஒரு பொதுக்கணக்கு வேண்டும்: வீடூரில் எவ்வளவு தங்குகிறது, படுகை அணைகளில் எவ்வளவு, லாரியில் எவ்வளவு, முகத்துவாரத்துக்கு எவ்வளவு, துறைமுகத் தடுப்புக்குத் தெற்கே எவ்வளவு தேங்கி நிற்கிறது என்று. விழுப்புரம் ஆட்சியரகமும் புதுச்சேரிப் பொதுப்பணித் துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஆண்டுக்கு ஒருமுறை அந்தக் கணக்கை வெளியிட வேண்டும். அது வெளிவரும்வரை இந்தக் கரையில் அடுத்த கல்சுவருக்கோ அடுத்த விடுதிக்கோ ஒப்பந்தப்புள்ளி கோரக்கூடாது.